மூன்றாவது வேலிக்கம்பம்

டோர்வால் ஏரியில் மீன் எங்கே கடிக்கிறது என்று யாரும் உண்மையைச் சொல்வதில்லை. அதைப் பொய் என்றும் யாரும் எண்ணுவதில்லை. ஞாயிறு காலையில் தேவாலயத்தின் பின்வரிசைகளில் இடம்பிடித்து மனம் உருகிப் பாடுகிற அதே வாய், மதியம் ஏரிக்கரையில் நின்று, "கிழக்குப் பக்கம் பாறைகிட்ட ரெண்டு கெடச்சுது, பெரிசா ஒண்ணுமில்ல" என்று கூசாமல் சொல்லும். பக்கத்தில் வாளி நிறைய மீன் துள்ளிக்கொண்டிருக்கும். கேட்டவனும் தலையாட்டிவிட்டு, சரி, கிழக்குப் பக்கம் இல்லை என்று மனதில் குறித்துக்கொண்டு போவான். எங்கே என்று கேட்பதே கொஞ்சம் அநாகரிகம். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வது அதைவிட மோசம். அப்படி ஒருவன் சொல்லிவிட்டால், அவனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்று வீட்டில் விசாரிப்பார்கள்.

இந்த விஷயத்தில் ஹால்டர் நிகார்டை மிஞ்ச மினசோட்டாவின் வடபகுதி முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவன், குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். மற்றபடி பரம யோக்கியன். வண்டி யாருடைய தபால்பெட்டியையாவது இடித்துவிட்டால், விடிகாலை ஐந்து மணியானாலும் இறங்கிப்போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வான். ஆனால் கிராப்பி மீன் என்று பேச்சு வந்துவிட்டால் அவன் வேறு ஆள். உள்ளங்கையைவிட அகலமான, வெள்ளி உடம்பில் கருப்புப் புள்ளி போட்ட அந்த மீனை அவன் தெற்கு மூலையில் பிடித்தான். மரங்கள் அடர்ந்த ஒரு நாக்கு நிலம் ஏரிக்குள் நீண்டு அந்த மூலையை மற்றவர் கண்ணிலிருந்து மறைத்திருந்தது. எந்தக் காலத்திலோ மேய்ச்சல் நிலமாக இருந்து ஏரித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய இடம். பழைய வேலிக்கம்பங்கள் வரிசையாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். தன் வண்டியைக் கிழக்குக் கரையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு, காட்டுக்குள் ஒரு மைல் நடந்து அங்கே போவான். இருபத்தைந்து வருஷமாக இதுதான் வழக்கம்.

அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஆல்மர், மாடு வளர்ப்பவன், சொல்வான்: "டேய், நீ சொல்ற எடத்தையெல்லாம் ஒண்ணொண்ணா கழிச்சிக்கிட்டே வர்றேன். பாதி ஏரி தீந்துபோச்சு. மிச்சம் பாதிதான். சாகறதுக்குள்ள புடிச்சிடுவேன்."

"பாத்து தேடு. அவசரம் என்ன இருக்கு?" என்பான் ஹால்டர்.

கரையோரம் இருந்த இரைமீன் கடை மாவிஸ் பிரெக்கியுடையது. பள்ளியில் ஹால்டருக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். கல்யாணமாகி டுலூத் நகரத்தில் இருந்தாள். கணவன் இறந்துபோனபிறகு, ஏழு வருஷத்துக்கு முன் திரும்பி வந்து இந்தக் கடையை வாங்கினாள். உள்ளே சிமெண்டுத் தொட்டிகளில் பொடிமீன்கள் சதா சுழன்றுகொண்டிருக்கும். அடுப்பில் காப்பி இருக்கும். சுவரில் ஒரு கரும்பலகை. யார் வேண்டுமானாலும் எங்கே என்ன பிடித்தோம் என்று அதில் எழுதலாம். எல்லாரும் எழுதினார்கள். அதில் உண்மையாக எழுதப்பட்டிருந்தது மேலே இருந்த தேதி மட்டும்தான்; அதை மாவிஸ் எழுதுவாள். அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. "இன்னிக்கு மீன் கொஞ்சம் சோர்வாத்தான் இருக்கு, நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்று தன் சரக்கைத் தானே குறைசொல்லும் வியாபாரி அவள்.

ஹால்டர் மூன்று குளிர்காலமாக அவளிடம் காலையில் இரண்டு டஜன் பொடிமீன் வாங்குவான். சாயங்காலம் வந்து, "எல்லாம் செத்துப்போச்சு, குளிர் தாங்கல" என்று இன்னும் இரண்டு டஜன் வாங்குவான். ஒன்றும் சாகவில்லை. எல்லாம் அவன் வீட்டுக் குளியல் தொட்டியில் சௌக்கியமாக நீந்திக்கொண்டிருந்தன. அவன் குளிப்பது அக்கா தெக்லா வீட்டில்.

"உன் வீட்டுத் தொட்டிக்கு என்னடா கேடு?" என்று அக்கா கேட்பாள்.

"கொழாய் சரியில்ல."

"மூணு வருஷமாவா?"

"ஆள் கெடைக்கல."

காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை மாவிஸைப் பார்க்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. பார்த்தபின் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அவள் வலையால் மீனை அள்ளி, எண்ணாமல், மேலே இன்னொரு கை சேர்த்துப் போடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதுவே அவனுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

மார்ச் மூன்றாம் வாரம், சனிக்கிழமை. ஏரி நடுவில், துளைபோட்டு மீன் பிடிக்கும் உறைபனி இன்னும் இரண்டடி கனம். ஆனால் கரையோரம் இளக ஆரம்பித்துவிட்டது. பலகை போட்டுத்தான் ஏறவேண்டும். பனிமேல் வைத்திருந்த மீன்பிடிக் குடில்களையெல்லாம் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். கடையில் ஆல்மரும் இன்னும் இரண்டு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். மாவிஸ் ஹால்டரின் வாளியில் மீனைக் கொட்டிவிட்டு, வலையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"ஹால்டர், ஒண்ணு கேக்கலாமா? நாளைக்குக் கடை கெடையாது. ஏழு வருஷமா இரை விக்கிறேன், ஒரு நாள்கூட ஐஸ் மேல போயி உக்காரல. இன்னும் ஒரு வாரத்துல ஐஸ் மேல நடக்க முடியாது. எங்க போனா கிராப்பி கடிக்கும்?"

ஆல்மர் காப்பிக் கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டான்.

நானும் கூட வரட்டுமா என்று கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஹால்டருக்கு அது புரிந்தது. புரிந்த அதே நொடியில், இருபத்தைந்து வருஷம் பழகின வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வடக்கு முனை. பழைய பனிக்கட்டிக் கிடங்குக்கு எதிர்ல. இருபதடி ஆழம்."

"ரொம்ப நன்றிப்பா" என்றாள் மாவிஸ்.

வெளியே வந்ததும் ஆல்மர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "அடப்பாவி! அவகிட்டயுமா?"

"அவளுக்குத் தெரியும்டா. கடையே நடத்துறா. நான் சொன்னா கழிச்சிடணும்னு தெரியாதா?"

"அது சரி" என்றான் ஆல்மர். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

ஞாயிறு அன்று தேவாலயத்தில் மாவிஸ் இல்லை. மதியம் ஹால்டர் தன் மூலையில் துளைபோட்டு உட்கார்ந்தான். துளையில் சேரும் பனித்தூளை ஓட்டைக்கரண்டியால் அரித்தெடுத்துவிட்டுத் தூண்டிலை விட்டதுமே தக்கை அமுங்கியது. நல்ல மீன். அடுத்ததும் நல்ல மீன். அவனுக்குத்தான் உட்காரமுடியவில்லை. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று நாக்கு நிலத்தின் நுனிவரை நடந்தான். அங்கிருந்து முழு ஏரியும் தெரியும்.

வடக்கு முனையில், இரண்டு மைல் தூரத்தில், தன்னந்தனியாக ஒரு சிவப்புப் புள்ளி. மாவிஸின் சிவப்பு மேலங்கி. ஊர் முழுக்க அவளிடம் மட்டும்தான் அந்த நிறம் உண்டு.

அவள் நம்பிவிட்டாள்.

ஹால்டர் தூண்டிலையும் மீனையும் போட்டது போட்டபடி விட்டு நடந்தான். நடு ஏரியில் பனி பிளந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. காற்று எதிரே வந்து கன்னத்தை அறைந்தது. ஓடவும் பார்த்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு அங்கி கரையேறிப் போய்விட்டிருந்தது. அவள் போட்ட துளைகள் மட்டும் இருந்தன. எண்ணினான். பதினொன்று. அவளிடம் மோட்டார் துளைக்கருவி கிடையாது. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய கைத்திருகுதான். இரண்டடிப் பனியில் ஒரு துளைக்குக் கால் மணி நேரம் ஆகும். கடியே இல்லாத இடத்தில், இங்கே இல்லாவிட்டால் அங்கே, அங்கே இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி என்று, ஹால்டர் சொன்னால் இருக்கும் என்று, பதினொரு தடவை துளைத்திருக்கிறாள். கடைசித் துளையில் தண்ணீர் அப்போதுதான் ஏடு கட்டிக்கொண்டிருந்தது. ஹால்டருக்கு அழுகை வந்தது. காற்று பலமாக இருந்ததால் பழியைக் காற்றின் மேலேயே போட்டுவிட்டான்.

மறுநாள் காலை கடையில் வேறு யாரும் இல்லை. மாவிஸின் மூக்கும் கன்னமும் காற்று பட்டுச் சிவந்து தோலுரிந்திருந்தன.

"எத்தன?" என்றாள்.

"ரெண்டு டஜன்."

வலையில் அள்ளி, தட்டில் கொட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். இருபத்துநாலு. மீதியைத் தொட்டியில் திருப்பிப் போட்டாள். ஏழு வருஷத்தில் அவள் யாருக்கும் மீன் எண்ணிக் கொடுத்ததில்லை.

"மாவிஸ், நேத்து நான்..."

"எனக்கும் தெரியும்ப்பா, நீ சொன்னா போகக்கூடாதுன்னு. ஊருக்கே தெரியும். நான் கேட்டா நீ வேற மாதிரி சொல்லுவேன்னு நெனச்சேன். அது என் முட்டாத்தனம்."

"தெற்கு மூலை" என்றான் ஹால்டர். "வேலிக்கம்பத்துக்கு வெளிய, பன்னெண்டடி. சத்தியமா. அங்கதான் நான்..."

மாவிஸ் சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது போலச் சிரித்தாள். "சரி, தெற்கையும் கழிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப்பிறகு மூன்று வாரம் ஹால்டர் எதை முயன்றும் பலிக்கவில்லை. மீனைச் சுத்தம்செய்து துண்டுபோட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அவள் கடை முன்னால் இல்லாத பனியைத் தள்ளினான். ஒவ்வொரு நாளும் அவள் இருபத்துநாலு எண்ணினாள். குளியல் தொட்டியில் இடம் போதாமல் போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல் நடுவில் ஒரு பெருங்காற்று வந்து ஏரியைத் திறந்துவிட்டது. கறுத்து உளுத்திருந்த பனியைத் தெற்குக் கரையில் தள்ளிக் குவித்தது. இரண்டு நாள் முழுக்க அது கண்ணாடிக் கிண்ணங்கள் உரசுவது போலக் கலகலவென்று சத்தம்போட்டுக் கரைந்தது. ஊர் முழுக்க எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. காரணமே இல்லாமல் ஆட்கள் சாலையில் நின்று பேசினார்கள். கவிழ்த்து வைத்திருந்த படகுகளைப் புரட்டினார்கள். இதமான வெயில் நாலு நாள் தொடர்ந்து அடித்ததும், கிராப்பி ஆழத்தை விட்டுவிட்டுக் கரையோரம் சூடேறிய கருஞ்சேற்றுக்கு வரும் நேரம் ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. எந்தக் கரை என்பதுதான் கேள்வி.

அந்தச் சனிக்கிழமை காலை கடையில் நிற்க இடமில்லை. ஹால்டர் உள்ளே வந்தான். சவரம் செய்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டை போட்டிருந்தான். யாரிடமும் பேசாமல் நேரே கரும்பலகைக்குப் போய், இருந்ததையெல்லாம் கையால் அழித்துவிட்டு, சுண்ணக்கட்டியை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினான்:

*தெற்கு மூலை. மூழ்கின வேலி. கரையிலிருந்து மூன்றாவது கம்பம், இடது பக்கம். நாலடி ஆழம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல். இருபத்தைந்து வருஷமாக அங்கேதான். ஹால்டர் நிகார்ட்.*

எழுதி முடித்ததும், தன் வீட்டுக் கதவைப் பெயர்த்து வெளியே வைத்துவிட்டது போல இருந்தது அவனுக்கு. சாயங்காலம் அங்கே முப்பது படகு நிற்கும். அப்புறம் அந்த இடம் இருக்காது. இல்லாவிட்டால் போகட்டும் என்று திரும்பினான்.

ஆல்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! தெற்கு மூலை கழிஞ்சுது! கம்ப நம்பர் வரைக்கும் எழுதியிருக்கான் பாரு, மனுசன் இந்த வருஷம் உழைச்சிருக்கான்!"

"எடது பக்கமாம்!" என்று இன்னொருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"டேய், நெசமாத்தான்டா" என்றான் ஹால்டர்.

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சிரித்துக்கொண்டே அவரவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிழக்குக்கும் மேற்குக்கும் கலைந்து போனார்கள். இருபத்தைந்து வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததைத் தெருவில் கொட்டியும் பொறுக்க ஒரு நாதி இல்லை. கடையில் அவனும் மாவிஸும் மட்டும் மிஞ்சினார்கள்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத நான் நம்பணுமா?"

"வேணாம். இத மட்டும் நம்பு." ஹால்டர் தொப்பியைக் கழற்றிப் பிசைந்தான். "உன் மீன் ஒண்ணுகூட சாகல. எல்லாம் என் வீட்டுக் குளிக்கற தொட்டியில இருக்கு. மூணு வருஷமா. நான் அக்கா வீட்டுலதான் குளிக்கறேன்."

"எதுக்கு?"

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவ இங்க வர்றதுக்கு."

மாவிஸ் கரும்பலகையை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு பொம்பளைகிட்ட வந்து, என் குளிக்கற தொட்டிய வந்து பாருன்னு சொல்ற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றாள். முகத்தில் என்ன இருக்கிறது என்று அவனால் படிக்கமுடியவில்லை. வாசலில் யாரோ வாடகைப் படகு கேட்டு மணியடித்தார்கள், அவள் போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஹால்டர் மூன்றாவது கம்பத்தில் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். நாலரை ஆயிற்று. அவன் தூண்டிலைப் போடவே இல்லை. கருஞ்சிறகுக் குருவிகள் நாணலில் உட்கார்ந்து கத்தின. படகுக்கு அடியில் மீன்கள் திரும்பும்போது தண்ணீர் சுழிப்பது தெரிந்தது. ஐந்து மணிக்கு, வரமாட்டாள், நான் அவளாக இருந்தால் நானும் வரமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினான்.

துடுப்புச் சத்தம் கேட்டது. நாக்கு நிலத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு பச்சைப் படகு வந்தது. சிவப்பு அங்கி.

அவள் பக்கத்தில் வந்து கம்பத்தைப் பிடித்து நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. காலடியில் ஒரு வாளி இருந்தது. அதற்குள் பொடிமீன்கள் சுழன்றன.

"உன் வீட்டுக்குப் போயிட்டுதான் வர்றேன்" என்றாள். "கதவு தெறந்துதான் கெடந்துச்சு. ஐந்நூறு இருக்கும் போலிருக்கு ஹால்டர். ஒழுங்கா தீனி போடறயா? ஒவ்வொண்ணும் விரல் நீளம் வளந்திருக்கு. சோப்பு வெக்கிற எடத்துல தீனி டப்பா வெச்சிருக்க."

"ரொட்டித்தூள்தான் போடறேன்."

"தண்ணி மாத்தணும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ." அவள் மூக்கை உறிஞ்சினாள். "மூணு வருஷம்! வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேப்பா."

"கேக்கத்தான் வாயத் தொறந்தேன். வடக்கு முனைன்னு வந்திடுச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் குருவிகள் எழுந்து பறந்தன. பிறகு அவன் படகுக்குத் தாவி ஏறி, குளியல் தொட்டி மீன் ஒன்றைக் கொக்கியில் கோர்த்து, இடது பக்கம் போட்டாள். தக்கை நிமிர்ந்து நின்றது. பக்கவாட்டில் இரண்டு விரல் தூரம் நகர்ந்தது. அமுங்கியது.

இருட்டுவதற்குள் இரண்டு படகையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தபோது வாளியில் இருபது கிராப்பி. துறையில் எல்லோரும் வெறுங்கையோடு நின்றார்கள். ஆல்மர் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். ஹால்டரைப் பார்த்தான். அவனிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? மாவிஸிடம் திரும்பினான். ஏழு வருஷத்தில் அவள் ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"மாவிஸ், நீயாவது சொல்லும்மா. எங்க கெடச்சுது?"

ஹால்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சொல்லட்டும், அவளுடைய இடமும்தானே இனி என்று நினைத்தான்.

மாவிஸ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"வடக்கு முனை ஆல்மர்" என்றாள். "பழைய பனிக்கட்டிக் கிடங்குக்கு எதிர்ல. இருபதடி ஆழம்."